மட்டாஞ்சேரி: பத்திரமும் வில்லையும்

மட்டாஞ்சேரி என்றதும் நேயர்களுக்கு மிளகும் ஏலமும் சுக்கும் நினைவுக்கு வரும். காயலோரத்துப் பண்டகசாலைகள், 1555-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனை, 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயம் ஆகியவற்றைக் காணப் பல நாட்டினரும் அங்கே வருகின்றனர். எந்தக் கிடங்கில் எந்தச் சரக்கு மணத்தது என்பதை வழிகாட்டிகள் தடையின்றிச் சொல்வார்கள். மனிதரும் அந்தக் கரையில் சரக்காக விலைபோயினர் என்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலும் பேச்சு எழுவதில்லை.

ஆயினும் ஊர் அதனை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மட்டாஞ்சேரியில் மங்காட்டுமுக்கு என்றோர் இடம் உண்டு. அங்குள்ள சிறு வழிபாட்டிடத்தில் மாலை வேளைகளில் விளக்கேற்றி, சுருட்டுக் கொளுத்தி வைத்து, கள்ளும் மீனும் படைத்துப் பல சமயத்தினரும் வேண்டிக்கொள்வது வழக்கம். அங்கே குடிகொண்டிருப்பவர் 'காப்பிரி முத்தப்பன்'. காப்பிரி என்பது ஆப்பிரிக்க நாட்டு மக்களைக் குறிக்கப் போர்த்துகீசியர் வழியாக நம் கடற்கரைகளில் பரவிய சொல். தமிழிலும் பழைய அகராதிகளில் அதைக் காணலாம். டச்சுக்காரர் 1663-இல் கொச்சியைத் தாக்கியபோது, போர்த்துகீசியர் தம் செல்வத்தைச் சுவர்களிலும் மரத்தடிகளிலும் புதைத்து, அதற்குக் காவலாகத் தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்துச் சென்றனர் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதையைக் கதையாகவே வைப்போம். போர்த்துகீசியர் தம் கப்பல்களில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொச்சிக்குக் கொண்டுவந்தனர் என்பது சரித்திரம். கொல்லப்பட்டவனுடைய பெயர் எவருக்கும் தெரியாது. அவன் சுருட்டு விரும்பியவன் என்பதை மட்டும் ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

போர்த்துகீசியருக்குப் பின் வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1663 முதல் 1795 வரை, 132 ஆண்டுகள், கொச்சிக் கோட்டையை ஆண்டனர். எழுத்து வேலையில் அவர்கள் சலியாதவர்கள். எத்தனை கண்டி மிளகு வந்தது, எந்த அரசர் எந்த உடன்படிக்கையை மீறினார், கோட்டைச் சுவரைப் பழுதுபார்க்க எவ்வளவு செலவாயிற்று என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தனர். அந்தக் காகிதக் கட்டுகளில் பல இன்று சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அரசர்களையும் மிளகையும் பற்றிய ஆளுநர் அறிக்கைகள் இரண்டு 1911-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கத்தாரால் ஆங்கிலத்தில் அச்சேறின. அதே அலுவலகத்தின் அடிமைப் பத்திரங்களை வரிசையாக எண்ணி ஆராயும் முயற்சியோ அண்மைக் காலத்தில்தான் தொடங்கியது.

அந்தப் பத்திரங்களில் திடுக்கிடச் செய்யும் சொல் எதுவும் இல்லை. அதுதான் அவற்றைப் படிப்பவரைத் திகைக்க வைக்கிறது. விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், விற்கப்படுபவரின் பெயர், வயது, சாதி, விலை ஆகியவை ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். வீடு ஒன்று கைம்மாறும்போது எழுதும் பத்திரத்துக்கு டச்சு மொழியில் என்ன பெயரோ, அதே பெயர்தான் ஆள் கைம்மாறும் பத்திரத்துக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இத்தகைய இடங்கள் சங்கடமானவை. அடிமையைக் குறிக்க அவர்கள் வழங்கிய சொற்களுள் ஒன்று, 'உடல் மற்றொருவர்க்கு உடைமையாக உள்ளவர்' என்று விரியும். அதை 'அடிமை' என்று ஒரே சொல்லில் பெயர்த்தால் நம் காதுக்குப் பழகிய சொல்லாகிவிடுகிறது. அதன் கூர்மை போய்விடுகிறது.

பழகிய சொல் என்றதற்குக் காரணம் உண்டு. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதியவர் ஒருவர் ஆளோலையுடன் வந்து வழக்காடும் கட்டத்தைத் தமிழர் அனைவரும் அறிவர். அந்தணர் அடிமையாதல் வழக்கமில்லையே என்று முதலில் ஐயுற்ற திருவெண்ணெய்நல்லூர் அவையினர், பாட்டனாரின் கையெழுத்தை ஒத்துப் பார்த்தபின் ஓலைக்குக் கட்டுப்பட்டனர். அது இறைவன் அடியாரை ஆட்கொண்ட அருட்செயல். அதன் பொருள் வேறு. ஆயினும் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரின் பாடலைக் கேட்டவர்களுக்கு ஆளோலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை என்பது தெளிவு. சோழர் காலக் கல்வெட்டுகளும் கோயில்களுக்குத் தம்மை விற்றுக்கொண்டவர்களைப் பற்றிக் கூறுகின்றன.

மீண்டும் கொச்சிக்கு வருவோம். வாங்கியவர்கள் யார்? கம்பெனி உத்தியோகஸ்தர்கள், கோட்டைக்குள் வாழ்ந்த டச்சுக் குடிமக்கள், கப்பல் அதிகாரிகள் ஆகியோர். மாலுமி ஒருவர் தம் பெட்டியில் துணியும் மிளகும் எடுத்துச் செல்வது போலவே, சொந்தக் கணக்கில் ஓர் ஆளை வாங்கிப் பத்தேவியாவிலோ ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் குடியேற்றத்திலோ நல்ல விலைக்கு விற்பதும் நடந்தது. விற்கப்பட்டவர்களுள் புலையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதி. கடனுக்காகவும் பசிக்காகவும் விற்கப்பட்டவர்கள் உண்டு. வழியில் பிடித்து வரப்பட்டவர்களும் உண்டு.

இந்தக் கடைசி வகையினரைப் பற்றிக் கொச்சியிலிருந்த டச்சு நீதிமன்றத்தின் வழக்கு ஏடுகள் ஓரளவு பேசுகின்றன. அவற்றுட் சில 2020-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்துள்ளன. அந்நீதிமன்றம் ஆளைத் திருடுவதைக் குற்றமாகக் கருதியது. வாங்குவதைக் குற்றமாகக் கருதவில்லை. ஆகவே திருடியவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஒரு பத்திரம். மை உலர்ந்ததும் திருடப்பட்டவர் 'வாங்கப்பட்டவர்' ஆகிவிடுவார். பிறகு அவரைக் கப்பலேற்றுவதற்கு இருள் தேவையில்லை. பட்டப்பகலில், பண்டகசாலை வாசலில், கணக்கர் முன்னிலையிலேயே அது நடக்கும். ஆள் கடத்தல் என்றால் நள்ளிரவையும் முகமூடியையும் கற்பனை செய்வது நம் வழக்கம். மட்டாஞ்சேரிக் கரையில் அது அலுவலக நேரத்தில் நடந்தது என்பதே இந்தக் கட்டுரையாசிரியரின் துணிபு. எல்லாரும் பார்க்கும்படி நடந்தமையால்தான் எவரும் அதைப் பார்க்கவில்லை.

கப்பலேறியவர்களுக்கு என்ன நேர்ந்தது? கேப் குடியேற்றம் 1652-இல் தொடங்கியது. அது முதல் 1808 வரை அங்கே கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்றும், அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்கள் என்றும் சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிட்டுள்ளனர். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் பறிபோனது பெயர். வாங்கிய மாதத்தின் பெயரையோ, ரோமானியக் கதைகளில் வரும் ஒரு பெயரையோ எசமானர் சூட்டுவார். 'செப்டம்பர்', 'குபிடோ', 'டைட்டஸ்' என்றெல்லாம் அடிமைகளுக்குப் பெயர்கள் இருந்தன. அதன் பின்னே 'மலபாரைச் சேர்ந்த', 'வங்காளத்தைச் சேர்ந்த', 'கொச்சியைச் சேர்ந்த' என்று ஓர் ஒட்டு. தாய் தந்தையர் இட்ட பெயர் கொச்சிப் பத்திரத்தோடு நின்றுபோக, ஊர்ப்பெயர் மட்டும் கடல் கடந்து சென்றது. கேப் டவுன் நகரில் 1679-இல் கட்டப்பட்ட அடிமை விடுதி இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

இது மலையாளக் கரையின் கதை மட்டுமே என்று தமிழ்நாட்டு நேயர்கள் கருதிவிட வேண்டாம். சோழமண்டலக் கரையிலும் இதே கம்பெனியார் இதே வாணிகத்தை நடத்தினர். 1622, 1623 ஆகிய இரண்டாண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 பேர் கப்பலேற்றப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டில் படையெடுப்பும் பஞ்சமும் ஒருங்கே வந்தபோது, நாகப்பட்டினத்திலிருந்து சென்றவர்களின் தொகை 8,000-க்கும் குறையாது. பஞ்ச காலத்தில் பெற்றோரே பிள்ளைகளை விற்றனர். விலை வீழ்ந்த சரக்கைத் தேடி வணிகர் வருவது போலப் பஞ்சம் கண்ட கரைக்குக் கப்பல்கள் வந்தன.

வெளிநாட்டாரை மட்டும் குறை கூறுவது எளிது. அது முழு உண்மையும் ஆகாது. அவர்கள் வருமுன்னரே மலையாள நாட்டில் உழவடிமை முறை வேரூன்றியிருந்தது. 1800, 1801-ஆம் ஆண்டுகளில் அப்பகுதிகளில் பயணம் செய்த டாக்டர் பிரான்சிஸ் புக்கானன், அடிமைகளைக் கைம்மாற்றுவதற்கு மூன்று முறைகள் இருந்ததாக எழுதியுள்ளார்: ஜன்மம், காணம், பாட்டம். மூன்றும் நிலத்துக்கு வழங்கும் சொற்களே. முற்றாக விற்பது ஜன்மம். ஈடு வைப்பது காணம். ஆண்டு வாடகைக்கு விடுவது பாட்டம். பாட்டத்தில் ஓர் ஆணுக்கு ஆண்டுக்கு 8 பணம், பெண்ணுக்கு அதிற் பாதி என்ற கணக்கையும் அவர் குறித்திருக்கிறார். பாட்டத்துக்கு எடுத்தவன் நிலத்தையே சாறு பிழிபவன். ஆளை என்ன செய்திருப்பான் என்று விளக்க வேண்டுவதில்லை.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால், கம்பெனி ஆட்சிக்குட்பட்ட இந்தியப் பகுதிகளில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது. இங்கே மட்டாஞ்சேரிக்கு ஒரு விசித்திரமான நிலை ஏற்பட்டது. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயருடையது. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரியோ கொச்சி அரசருடையது. இரண்டுக்கும் இடையே அரைமணி நேர நடைகூட இல்லை. கொச்சி அரசு, திவான் சங்கர வாரியர் காலத்தில், 1854-ஆம் ஆண்டில்தான் அடிமை முறையை ஒழித்து விளம்பரம் செய்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகள், தெருவின் ஒரு புறத்தில் சட்டம் கைவிட்ட உரிமை மறுபுறத்தில் உயிரோடிருந்தது.

சட்டம் ஒழித்த பின்பும் அடிமையின் நிழல் எத்தனை நாள் நீளும் என்பதற்கு யூதத் தெருவே சாட்சி. கொச்சியின் எல்லாச் சமூகத்துச் செல்வரையும் போல யூத வணிகரும் அடிமைகளை வைத்திருந்தனர். அவர்களுள் பலரை யூத சமயத்தில் சேர்த்து விடுதலையும் செய்தனர். அவர்களின் வழிவந்தோரை எபிரேய மொழியில் 'விடுவிக்கப்பட்டோர்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். விடுதலை பெற்றதை நினைவூட்டும் பெயர், அடிமையாக இருந்ததையும் தலைமுறை தலைமுறையாக நினைவூட்டிக்கொண்டே இருந்தது. ஆலயத்தில் அவர்கள் மற்றவர்களோடு அமர இயலாது, முன்கூடத்தில்தான் இடம். இவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்தியடிகளின் முறையைப் பின்பற்றித் தம் ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். நாளடைவில் அந்தத் தடைகள் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரை அழைத்தனர். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்த அவர் தொழிற்சங்கங்களின் ஆதரவாளராகவும் விளங்கினார். அடிமை வழிவந்த ஒருவர் கூலித் தொழிலாளர் பக்கம் நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கூலித் தொழிலாளர் யார்? ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளர் 1920-இல் கொச்சிக்கு வந்து, முகத்துவாரத்து மணல் திட்டை அகழ்ந்து பெருங்கப்பல்கள் உள்ளே வர வழி செய்தார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. அகழ்ந்தெடுத்த மண்ணால் வில்லிங்டன் தீவு விரிந்தது. பிரிஸ்டோவின் பெயர் இன்றும் கொச்சியில் மரியாதையோடு சொல்லப்படுகிறது, சொல்ல வேண்டியதுதான். கப்பலுக்குள் இறங்கி மூட்டை சுமந்தவர்களோ மட்டாஞ்சேரியின் சந்துகளில் வாழ்ந்த ஏழைகள்.

அவர்களுக்கு வேலை கிடைத்த விதம் இது. கப்பலில் சரக்கேற்றி இறக்கும் பொறுப்பை ஸ்டீவடோர் எனப்படும் குத்தகைக்காரர் ஏற்பார். அவருக்கு ஆள் திரட்டித் தருபவன் மூப்பன். நம் ஊர்க் கங்காணிக்கு உடன்பிறந்தவன் எனலாம். பொழுது புலருமுன் தொழிலாளர் கூட்டமாக வந்து நிற்பர். நூறு பேர் வேண்டிய இடத்தில் பன்மடங்கு பேர் நிற்பர். மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். எவன் கையில் வில்லை அகப்பட்டதோ அவனுக்கு அன்று வேலை. மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அந்த வில்லைக்குச் 'சாப்பா' என்று பெயர். முத்திரை என்று பொருள்படும் இச்சொல் தமிழிலும் வழங்கியதுண்டு. ஒரு சாப்பாவுக்காக அண்டை வீட்டாரும் அண்ணன் தம்பியரும் மண்ணில் புரண்டு அடித்துக்கொள்வர். விழுந்தவனை மிதித்துக்கொண்டு அடுத்தவன் ஓடுவான். இந்தச் சண்டை எவருடைய கல்நெஞ்சுக்கும் வேடிக்கையாக மட்டும் இருந்ததில்லை. அதனால் இலாபமும் இருந்தது. தம்முள் அடித்துக்கொள்பவர்கள் கூலியைப் பற்றி ஒன்றுசேர்ந்து கேட்க மாட்டார்கள் அல்லவா? மூப்பனுக்கு வேண்டியவர்களுக்கு வில்லை தப்பாது கிடைக்கும். வேண்டியவராவதற்கு விலை உண்டு.

இங்கே பத்திரம் எதுவும் எழுதப்படவில்லை. எவரும் எவரையும் வாங்கவில்லை. வர விருப்பமில்லாதவன் வீட்டிலேயே இருக்கலாம். இந்த 'விருப்பம்' என்ற சொல்லில்தான் எல்லாம் ஒளிந்துகொண்டது. அடிமைக்கு உணவளிப்பது எசமானனின் பொறுப்பாகவேனும் இருந்தது; சாப்பா பிடித்தவனுக்கு அன்றைய மாலைக்குப் பின் எவரும் பொறுப்பில்லை. இலண்டன் துறைமுகத்திலும் இதே போன்று வாசலில் கூட்டிப் பொறுக்கியெடுக்கும் வழக்கம் இருந்தது. அதை எதிர்த்தும், மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டும் 1889-இல் அங்கே பெரு வேலைநிறுத்தம் எழுந்தது. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டம், பதிவு செய்த தொழிலாளர்க்கு முறைப்படி வேலை பகிர்ந்தளிக்க வழி வகுத்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, மனிதரை வாணிகப் பொருளாக்குவதையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது. ஆனால் மட்டாஞ்சேரியில் வில்லை வீசுவது நின்றபாடில்லை.

தொழிலாளர் சங்கம் அமைத்தனர். வில்லையை மூப்பன் வழங்குவதா, சங்கம் வழங்குவதா என்பது பெரும் பூசலாயிற்று. அப்பூசல் சங்கங்களுக்கிடையேயும் பகையை மூட்டியது என்பதை மறைப்பதிற் பயனில்லை. வில்லையைக் கையில் வைத்திருப்பவர் எவராயினும் அவர் சிறு மூப்பனாகிவிடும் அபாயம் அதில் இருந்தது. 1953-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவலர் தொழிலாளர் மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். சைது, சைதலவி என்னும் இருவர் குண்டடிபட்டு மாண்டனர். அந்தோணி என்னும் மூன்றாமவர் காவலர் பிடியில் பட்ட அடிகளால் உயிர்நீத்தார் என்று தொழிலாளர் இயக்க வரலாறு கூறும். காப்பிரியைப் போலவோ கேப் டவுனுக்குப் போன 'செப்டம்பரை'ப் போலவோ அன்றி, இம்மூவரின் பெயர்களாவது எஞ்சின.

பின்னர் கொச்சிக்கும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிய தொழிலாளிக்கு முறை வைத்து வேலை வந்தது, சாப்பா மறைந்தது. கே. எம். சிதம்பரன் 1968-இல் இப்போராட்டத்தைத் 'துறமுகம்' என்னும் மலையாள நாடகமாக எழுதினார். அதே பெயரில் ராஜீவ் ரவி இயக்கிய திரைப்படம் 2023-இல் வெளிவந்தபோதுதான் கொச்சிக்கு வெளியே பலரும் சாப்பா என்ற சொல்லையே முதன்முறையாகக் கேட்டனர். படம் பார்த்த இளைஞர்களுள் சிலர், இது சுதந்திரத்துக்குப் பின் நடந்ததா என்று வியந்தனர்.

இதற்கிடையில், 1982-ஆம் ஆண்டில், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நீதிபதி பகவதி எழுதிய அத்தீர்ப்பின் சாரம்: பசியும் வறுமையும் ஒருவனை நெருக்கி, சட்டம் வகுத்த குறைந்த கூலிக்கும் குறைவாக உழைக்கச் செய்தால், அதுவும் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே. சவுக்கு இல்லாவிட்டாலும் கட்டாயம் கட்டாயந்தான் என்று சட்டத்தின் வாயால் வந்த சொல் அது. மட்டாஞ்சேரிக் கூட்டம் அதை அறிந்துதான் நின்றது. நீதிமன்றம் சொல்வதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

வில்லிங்டன் தீவுக்கு அருகில் வாத்துருத்தி என்னும் குடியிருப்பு உண்டு. பல்லாண்டுகளாகத் தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலை தேடிச் சென்றவர்கள் அங்கே ஓர் அறைக்குப் பலராக வாடகைக்குத் தங்கி வாழ்கின்றனர். கட்டட வேலைக்கும் மண்வேலைக்கும் ஆள் எடுக்கும் குத்தகைக்காரர்கள் விடியற்காலையில் வருவார்கள். வில்லை எதுவும் வீசுவதில்லை. விரலைக் காட்டி அழைப்பதோடு சரி. அழைக்கப்படாதவர்கள் ஒன்பது மணி வரை சாலையோரத்தில் நின்று பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புகிறார்கள்.